குளியலறைக் கண்ணாடிக் கதவில் படியும் விடாப்பிடிக் கறைகள்

ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் அடுக்ககங்களில், குளிக்கும் பகுதியைப் பிரிப்பதற்காகப் பொருத்தப்படும் கண்ணாடித் தடுப்பும் அதன் கதவும் வெகுவிரைவில் பளபளப்பை இழந்து, வெண்புள்ளிகளும் நீர் வழிந்த கோடுகளும் நிறைந்த மங்கலான பலகைகளாகிவிடுகின்றன. கோயம்புத்தூரில் சிறுவாணி நீர் வரும் வீட்டில் வாரம் ஒரு முறை துடைத்தாலே தெளிவாக இருக்கும் கண்ணாடி, அதே ஊரில் போர் தண்ணீரை மட்டும் கொண்ட வீட்டில் எத்தனை துடைத்தாலும் தெளிவதில்லை என்பதிலிருந்து, குற்றம் பெரும்பாலும் துடைப்பவரிடம் இல்லை, நீரில் இருக்கிறது என்பது விளங்கும்.

இத்தகைய கண்ணாடியை வீட்டாரே தூய்மைப்படுத்திக்கொள்வதற்கான முறையை இந்த அத்தியாயம் வரிசைப்படுத்தித் தருகிறது. கறை போகவில்லை என்று கைவிடப்பட்ட பல கண்ணாடிகளில் வரிசைதான் தவறியிருக்கும்: எண்ணெய்ப் பிசுக்கின்மேல் அமிலம் ஊற்றப்பட்டிருக்கும், அல்லது அரைமணி நேரம் ஊற வேண்டியது அரை நிமிடத்தில் துடைக்கப்பட்டிருக்கும், அல்லது கறையே இல்லாத, அரிக்கப்பட்டுப்போன கண்ணாடி வீணாகத் தேய்க்கப்பட்டிருக்கும். ஆகவே, கறையை இனம் காண்பதிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

கறையை இனம் காணல்

கண்ணாடிக் கதவில் காணப்படும் மங்கலுக்கு நான்கு காரணங்கள் உண்டு. ஒரே கதவில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதும் உண்டு.

முதலாவது உப்புக்கறை. பேச்சுவழக்கில் உப்பு என்று சொல்லப்பட்டாலும் இது சமையல் உப்பு அன்று. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட்டுகள், நீர்த்துளி உலரும்போது கரியமில வாயுவை இழந்து, நீரில் கரையாத கார்பனேட்டுகளாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் சுண்ணாம்புப் படிவாகும். வாட்டர் ஹீட்டரின் சுருளில் கல்லாகப் படிவதும் இதே பொருள்தான். நீரிலுள்ள கால்சியம், மக்னீசிய அளவைக் குறிக்கும் கடினத்தன்மைக்கு, இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012), லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வகுத்துள்ளது. பேனா வடிவில் விற்கும் டி.டி.எஸ். மானி நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்தே மதிப்பிடுகிறது என்பதால், அதன் எண்ணைக் கடினத்தன்மையாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது சோப்புப் பிசுக்கு. குளியல் சோப்புக் கட்டி என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு. அது கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சேரும்போது, சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ள, நுரைக்காத, கரையாத, மெழுகு போன்ற ஒரு பொருளாக அது திரிந்துவிடுகிறது. எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடுகளில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் இதனுடன் சேர்ந்து, இடுப்பு உயரத்திற்குக் கீழே சாம்பல் நிறப் படலமாகக் காட்சியளிக்கும்.

மூன்றாவது துருக்கறை. இரும்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் வரும் செம்பழுப்புக் கோடுகளே இவை; பெரும்பாலும் ஷவருக்கு நேர் கீழேயும் கீலுக்கு அடியிலும் தோன்றும்.

நான்காவது, கறை என்ற பெயருக்கே உரியதல்லாத கண்ணாடி அரிப்பு. இதைப் பற்றித் தனியே பேச வேண்டியிருப்பதால், இங்கே ஒன்றை மட்டும் குறிப்பது போதும்: படிவு கண்ணாடியின் மேல் இருப்பது, அரிப்பு கண்ணாடியிலேயே நிகழ்ந்துவிட்டது, முன்னதைக் கரைக்கலாம், பின்னதைக் கரைக்க இயலாது.

இவற்றைப் பிரித்தறியப் பின்வரும் சோதனை போதுமானது.

1. கதவை முழுவதுமாக உலரவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டில் வைத்துச் சாய்வாக ஒளி பாய்ச்சிப் பார்க்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது தெரியாத படிவுகள் சாய்ந்த ஒளியில் தெரிந்துவிடும்.
2. விரல் நகத்தால் மெல்ல வருட வேண்டும். நகத்தின் இடுக்கில் மெழுகு போன்று சேர்ந்தால் சோப்புப் பிசுக்கு. மணல் பரப்பில் வருடுவது போலச் சொரசொரத்தால் உப்புக்கறை. வழவழப்பாக இருந்தும் மங்கலாகத் தெரிந்தால் அரிப்பாக இருக்கக்கூடும்.
3. ஓர் உள்ளங்கை அகல இடத்தைப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவித் துடைத்தபின், அதே இடத்தில் வெள்ளை வினிகரில் நனைத்த டிஷ்யூ தாளை ஒட்டி 20 நிமிடம் விட்டுவைக்க வேண்டும்.
4. தாளை எடுத்துத் தேய்த்துக் கழுவி உலர்த்திப் பார்க்கும்போது அந்த இடம் தெளிந்திருந்தால், கதவு முழுவதையும் மீட்டுவிடலாம். ஓரளவு தெளிந்திருந்தால் படிவு தடிமனானது. சிறிதும் மாறாவிட்டால் அரிப்பையோ, வீட்டு அமிலங்களுக்குக் கரையாத சிலிக்காப் படிவையோ ஐயுற வேண்டும்.

நீர் தெளித்துப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் பலரிடம் உள்ளது. ஈரத்தில் மறைந்து காய்ந்தபின் திரும்பும் மங்கல் படிவாகவும் இருக்கலாம், அரிப்பாகவும் இருக்கலாம் என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை.

தேவையான பொருள்கள்

மளிகைக் கடையிலோ பேக்கரிப் பொருள் விற்கும் கடையிலோ கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் படிகங்களே இந்த வேலையின் முதன்மை மருந்து. எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான அமிலமும் இதுவே. ஆனால் எலுமிச்சைச் சாற்றில் அதன் அளவு ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடுதான் என்பதாலும், சாற்றிலுள்ள சர்க்கரையும் சக்கையும் புதிய பிசுக்கை உண்டாக்கும் என்பதாலும், படிகத்தைக் கரைத்துப் பயன்படுத்துவதே சிறந்தது. கடையில் விற்கும் வெள்ளை வினிகர் ஏறத்தாழ 4 விழுக்காட்டு அசெட்டிக் அமிலமாகும். புதிய, மெல்லிய கறைக்கு அது போதும், ஆண்டுக்கணக்கில் படிந்ததற்குப் போதாது. பித்தளை துலக்கப் பயன்படும் புளியிலும் டார்டாரிக் அமிலம் உண்டென்றாலும், அதன் நிறமும் நாரும் கண்ணாடி வேலைக்கு ஒவ்வாதவை.

இதனுடன் தேவைப்படுபவை: பாத்திரம் துலக்கும் திரவம், இரண்டு தெளிப்பான் புட்டிகள், ஒரு கட்டு டிஷ்யூ தாள், உணவு மூடப் பயன்படும் மெல்லிய ஒட்டுத்தாள், மென்மையான பஞ்சு, வெள்ளை நிற நைலான் தேய்ப்பான், பழைய பல்துலக்கி, காலாவதியான ஏ.டி.எம். அட்டை; ரப்பர் முனை கொண்ட கண்ணாடி வைப்பர்; இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள், அவை இல்லையேல் பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணி; ரப்பர் கையுறை; கண்ணைக் காக்கும் கண்ணாடி; மாஸ்கிங் டேப் எனப்படும் ஒட்டு நாடா.

கடைசிக் கழுவலுக்கு உப்பில்லாத நீர் 2 அல்லது 3 லிட்டர் வேண்டும். கறையை அகற்றிய கையோடு அதே போர் தண்ணீரில் அலசி உலரவிட்டால், புதிய கறைக்கு அன்றே வித்திட்டதாகிவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டித் தரும் நீரும், இன்வெர்ட்டர் மின்கலத்துக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் இதற்கு ஏற்றவை. செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு: ஏ.சி.யின் வடிகுழாயிலிருந்து சொட்டும் நீர், காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து நீரானது என்பதால், அதில் கடினத்தன்மை இல்லை. முதல்நாள் இரவே ஒரு வாளியை வைத்துப் பிடித்து, துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரோ வந்த நீரைவிட உப்பு மிகுந்தது. அதைக் கண்ணாடியின் அருகே கொண்டுவரலாகாது.

பாதுகாப்பு

இந்தப் பகுதியைப் படிக்காமல் அடுத்ததற்குச் செல்லுதல் கூடாது. குளியலறை சிறியது, காற்றோட்டம் குறைந்தது, தரை வழுக்குவது.

- எந்த அமிலத்தையும், வினிகராகவே இருந்தாலும், பிளீச்சிங் பவுடரோடும் திரவ பிளீச்சோடும் சேர்த்தல் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சுக்குழலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படும். முதல்நாள் பிளீச் தெளித்த தரை சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு என்பதால், வேலைக்கு முன் தரையையும் வடிகாலையும் நிறைய நீர் விட்டு அலச வேண்டும். பிளீச்சை அமோனியா கலந்த கண்ணாடித் தூய்மைத் திரவத்தோடு சேர்ப்பதும் நச்சு வாயுவை உண்டாக்கும்.
- குளியலறை கழுவுவதற்கென்று விற்கப்படும் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், இந்த வேலைக்கு வேண்டாம். அதன் ஆவி, துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி வாங்கிய கீலையும் கைப்பிடியையும் புள்ளிபுள்ளியாக அரிப்பதோடு நுரையீரலையும் புண்படுத்தும். இத்தகைய அமிலங்களின் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடு விதித்திருந்தும், அவை கண்ணாடிக்கும் ஏற்றவை என்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. கழிப்பறைக் கிண்ணத்துக்கான திரவங்கள் பலவற்றிலும் இதே அமிலம் இருப்பதால் அவையும் விலக்கத்தக்கவை.
- புளோரைடு கலந்த துருநீக்கிகள் கண்ணாடியையே கரைப்பவை, தோலுக்கும் பேராபத்தானவை. புட்டியின் மேல் ஹைட்ரோபுளோரிக், பைபுளோரைடு என்னும் சொற்கள் இருந்தால் அதை வாங்கலாகாது.
- சன்னலைத் திறந்து, காற்று வெளியேற்றும் விசிறியை இயக்கிய பின்னரே தொடங்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் வினிகரைத் தவிர்த்து, நெடியில்லாத சிட்ரிக் ஆசிட் கரைசலையும், தெளிப்பதற்குப் பதிலாகப் பஞ்சால் பூசுவதையும் கைக்கொள்ளலாம்.
- கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கண்ணைக் கழுவி, எரிச்சல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும்.
- ஈரத் தரையில் முக்காலியோ வாளியைக் கவிழ்த்தோ ஏறி நிற்பதற்குப் பதிலாக, நீண்ட கைப்பிடி கொண்ட தேய்ப்பானைப் பயன்படுத்த வேண்டும்.

குளியலறைக் கதவுகள் பொதுவாக 8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள டஃபன்டு கண்ணாடியால் ஆனவை. சூடேற்றி விரைந்து குளிர்விப்பதால் மேற்பரப்பு இறுக்கப்பட்ட இந்தக் கண்ணாடி, நடுவில் விழும் தட்டைத் தாங்கினாலும், விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்தால் முழுப்பலகையும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகச் சிதறக்கூடியது. ஆகவே, விளிம்பை உலோகக் கருவியால் சுரண்டுவதும், வைப்பரின் இரும்புப் பகுதியால் இடிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். விளிம்பில் ஏற்கெனவே சில்லோ விரிசலோ தென்பட்டால், தூய்மைப் பணியை நிறுத்திவிட்டு, பொருத்தியவரை அழைப்பதே முறை.

முன்னேற்பாடு

இந்த வேலைக்குப் பயன்படுத்தும் அமிலம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. கண்ணாடியைச் சுற்றி இருப்பவற்றைத்தான் கெடுக்கும். இதை மறந்து கண்ணாடியைத் தெளிவாக்கி வாசற்படிக் கல்லைப் பாழாக்கிய வீடுகள் குறைவல்ல.

மார்பிள் கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது, அதாவது உப்புக்கறையும் அதுவும் வேதியியலில் ஒன்றே. கறையைக் கரைக்கும் அமிலம் மார்பிளின் மெருகையும் கரைத்துவிடும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது என்பதால் அதற்கும் இதே கதி. கிரானைட், விட்ரிஃபைடு ஓடுகள் ஆகியவை அமிலத்தைத் தாங்கும். ஆனால் ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமென்ட் பூச்சு தாங்காது. எனவே, கதவின் அடியில் மார்பிள் அல்லது கடப்பா படி இருந்தால், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, ஓரத்தை நாடாவால் ஒட்டி, அதன் மீது பழைய துண்டு ஒன்றை நீரில் நனைத்துப் போட வேண்டும். தரையின் மற்ற பகுதிகளை வேலை முழுவதும் ஈரமாகவே வைத்திருந்தால், வழியும் அமிலம் நீர்த்துப்போகும்.

குரோம் பூசிய கீல், கைப்பிடி ஆகியவற்றின்மேல் சிறிது வாஸ்லைன் தடவி வைக்கலாம். கறுப்பு, பொன் நிறப் பூச்சுக் கொண்ட பொருத்திகளையும், நகரும் கதவின் அலுமினியத் தடத்தையும் நாடாவால் முழுமையாக மூடிவிடுவதே நல்லது.

கதவு வாங்கும்போது நீர் ஒட்டாத பூச்சு பூசப்பட்டதாகச் சொல்லப்பட்டிருந்தால், உற்பத்தியாளரின் குறிப்பை முதலில் பார்க்க வேண்டும். அத்தகைய பூச்சுகள் தேய்ப்பானுக்கும் சில அமிலங்களுக்கும் தாங்குவதில்லை.

தூய்மைப்படுத்தும் முறை

கீழ்க்காணும் வரிசை பிசுக்கை முதலில் அகற்றி, சுண்ணாம்பைப் பிறகு கரைத்து, மீண்டும் பிசுக்கை அகற்றுவதாக அமைந்துள்ளது. சோப்புப் படலம் எண்ணெய்த் தன்மை கொண்டது என்பதால், அது மேலே இருக்கும்வரை அமிலம் உள்ளே இறங்காது.

1. வெந்நீர்க் குளியல் முடிந்து ஆவி படர்ந்திருக்கும் நேரத்தைத் தவிர்த்து, கண்ணாடி உலர்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. கதவை மேலிருந்து கீழாக நீரால் அலச வேண்டும். ஒட்டியிருக்கும் மண்துகளை அகற்றாமல் தேய்த்தால், கீறலை உண்டாக்குவது தேய்ப்பானாக இருக்காது, அந்தத் துகளாகவே இருக்கும்.

3. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து, பஞ்சால் கதவு முழுவதும் பூசி, 5 நிமிடம் ஊறவிட்டு, வட்டமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பார்க்கும்போது வழுக்கல் இல்லாமல் கிறீச்சென்று ஒலித்தால் பிசுக்கு நீங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஒலிக்காவிட்டால் மறுமுறை செய்ய வேண்டும்.

4. வைப்பரால் நீரை வழித்து, துணியால் துடைத்துவிட வேண்டும். தேங்கிய நீர் அடுத்து வரும் கரைசலை நீர்த்துப்போகச் செய்யும்.

5. 50 கிராம் சிட்ரிக் ஆசிட் படிகத்தை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தெளிப்பான் புட்டியில் நிரப்ப வேண்டும். இது ஏறத்தாழ 10 விழுக்காட்டுக் கரைசல். ஒரு கதவுக்குப் போதும்.

6. கதவை இரண்டடிச் சதுரங்களாக மனத்தில் பிரித்துக்கொண்டு, முதல் சதுரத்தில் டிஷ்யூ தாளை ஒட்டி, அது சொட்டச் சொட்ட நனையும்படி கரைசலைத் தெளித்து, மேலே ஒட்டுத்தாளால் மூட வேண்டும். செங்குத்தான பரப்பில் தெளிக்கும் திரவம் சில நொடிகளில் வழிந்துவிடும்; அதைக் கறையின்மேல் நிறுத்திவைப்பது இந்தத் தாள்தான். முறை முழுவதிலும் பயன் மிகுந்த படி இதுவே என்பதால், அவசரத்தில் இதைத் தவிர்த்துவிட்டுக் கைவலிக்கத் தேய்ப்பதில் பொருளில்லை.

7. 20 முதல் 30 நிமிடம் விட்டுவைக்க வேண்டும். இடையிடையே தாளின் ஓரங்களைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மீண்டும் தெளிக்க வேண்டும். கரைசல் காய்ந்துபோனால், கரைந்த கால்சியம் சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத கால்சியம் சிட்ரேட்டாக வெண்ணிறத்தில் படிந்து, பழைய கறை போய்ப் புதிய கறை வந்ததாகிவிடும். கொதிக்கும் சூட்டில் கரைசலைப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால் வேண்டாம், வெதுவெதுப்பே போதும்.

8. தாளை உரித்து, அந்த ஈரத் தாளையே சுருட்டி முதலில் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைத் தேய்ப்பானால் அதிக அழுத்தமின்றி வட்டமாகத் தேய்க்க வேண்டும். கறை இளகியிருந்தால், தேய்ப்பானின் கீழே உணரப்படும் சொரசொரப்பு சிறிது சிறிதாகக் குறைந்து, கை வழுக்கிச் செல்லத் தொடங்கும்.

9. உடனே நிறைய நீர் விட்டுக் கழுவி, கீல், கைப்பிடி, படிக்கல் ஆகியவற்றின்மீதும் நீரை ஓடவிட்டு, அடுத்த சதுரத்துக்குச் செல்ல வேண்டும்.

10. கதவு முழுவதும் முடிந்ததும், பாத்திரம் துலக்கும் திரவத்தால் மீண்டும் ஒரு முறை கழுவ வேண்டும். கால்சியம் சோப்பிலிருந்து அமிலம் கால்சியத்தைப் பிரித்தபின், எஞ்சுவது கொழுப்பு அமிலம். அதை அகற்றாவிட்டால் கண்ணாடி காய்ந்தபின் எண்ணெய் பூசியது போலத் தோன்றும். அமிலம் போட்டும் மங்கல் போகவில்லை என்ற முறையீடு பெரும்பாலும் இந்தப் படியை விட்டவர்களிடமிருந்தே எழுகிறது.

11. சேர்த்து வைத்துள்ள உப்பில்லாத நீரால் கடைசியாக அலசி, வைப்பரை மேல் மூலையில் வைத்துக் கீழ்நோக்கி ஒரே இழுப்பில் இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் அதன் ரப்பர் முனையைத் துடைத்து, ஓரங்களை உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

12. உலர்ந்தபின் டார்ச் ஒளியில் மீண்டும் பார்த்து, எஞ்சிய இடங்களில் மட்டும் 6 முதல் 11 வரையுள்ள படிகளைத் திரும்பச் செய்யலாம். இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் இடையே மாற்றமே இல்லையென்றால், அங்கே எஞ்சியிருப்பது சுண்ணாம்பு அன்று. நான்காம் முறை செய்வதில் பயனில்லை.

துருக்கறைக்கும் இதே கரைசல் பயன்படும், ஏனெனில் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பற்றி இழுத்துக் கரைத்துக்கொள்ளும் தன்மை கொண்டது; ஊறும் நேரத்தை மட்டும் ஒரு மணி வரை நீட்டிக்கொள்ள வேண்டும்.

*குறிப்பு:* தடித்த விளிம்புள்ள வளையங்களாக எஞ்சும் படிவை, கண்ணாடி ஈரமாக இருக்கும்போது, ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தால் ஒரே திசையில் தள்ளிப் பெயர்க்கலாம். சவரத் தகட்டால் சுரண்டும் வழக்கம் தொழில்முறைத் துப்புரவாளரிடம் உண்டென்றாலும், டஃபன்டு கண்ணாடியின் மேற்பரப்பில் தயாரிப்பின்போது உருகி ஒட்டிய நுண்துகள்கள் இருக்கக்கூடும் என்பதையும், தகடு அவற்றைப் பெயர்த்து இழுத்துச் சென்று நீண்ட கீறலை உண்டாக்கும் என்பதையும் நோக்க, வீட்டில் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

சிட்ரிக் அமிலத்துக்கும் இளகாத, ஆனால் சோதனையில் ஓரளவேனும் தெளிந்த படிவுக்கு, வேதிப்பொருள் கடைகளில் தூளாகக் கிடைக்கும் சல்பாமிக் அமிலத்தை நாடலாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் போல நெடியுள்ள ஆவியை விடுவதில்லை. கால்சியத்தோடு சேர்ந்து உருவாக்கும் உப்பும் நீரில் எளிதில் கரைவது. அரை லிட்டர் நீரில் 25 கிராம் தூளை, நீரில் தூளை இடும் முறையில் கரைத்து, கையுறையும் கண்காப்பும் அணிந்து, 10 நிமிடத்துக்கு மேற்படாமல் பயன்படுத்த வேண்டும். பிளீச் பற்றிய எச்சரிக்கை இதற்கும் முழுமையாகப் பொருந்தும்.

வழக்கமான பிழைகள்

ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து நுரைக்க விடுவது மிகப் பரவலான பிழை. ஒன்று காரம், மற்றொன்று அமிலம். இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து, எஞ்சுவது ஏறத்தாழ உப்பு நீரே. நுரை கண்ணுக்கு வேலை நடப்பது போலக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆப்ப சோடாவைத் தனியே, சிறிது நீரில் குழைத்து, பிசுக்கைத் தேய்க்கும் மென்தூளாகப் பயன்படுத்தலாம். அது கண்ணாடியைவிட மிகவும் மென்மையானது என்பதால் கீறாது.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பயன்படுத்துவது அடுத்த பிழை. அதில் பொதுவாகக் கலந்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு, மோஸ் அளவுகோலில், அதாவது கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் அளவுகோலில், 9ஆம் இடத்தில் இருப்பது. கண்ணாடியோ ஏறத்தாழ 5.5தான். பச்சை நார் உண்டாக்கும் நுண்கீறல்கள் அன்று தெரியாமல், காலை வெயில் சாய்ந்து விழும்போது தெரியவரும். அவற்றினுள் புதிய படிவு முன்னைவிட எளிதாகப் பற்றிக்கொள்ளும். கம்பி நாரும், பாத்திரம் துலக்கும் தூளும் இந்த வரிசையில் சேர்ந்தவையே.

நாளிதழ்த் தாளால் துடைப்பது முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சரி. உப்புக்கறைமேல் அதற்கு எந்த விளைவும் இல்லை, அதன் மை கதவோரத்து வெண்ணிற ரப்பரில் ஏறிவிடுவதும் உண்டு.

கண்ணாடி அரிப்பு

சாதாரணக் கண்ணாடியில் சிலிக்காவோடு சோடியமும் கால்சியமும் சேர்ந்துள்ளன. நீர் நெடுநேரம் மேற்பரப்பில் தங்கும்போது கண்ணாடியிலிருந்து சோடியம் சிறிது சிறிதாக வெளியேறி, தங்கிய நீரைக் காரத்தன்மை உடையதாக்குகிறது. அந்தக் காரம் மிகும்போது சிலிக்காவின் கட்டமைப்பையே கரைக்கத் தொடங்குகிறது. உப்புக்கறை ஈரத்தைப் பிடித்துவைப்பதால், கறையை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்த கதவுகளில் இது விரைந்து நிகழும். கறையை அகற்றிய பிறகும், கறை இருந்த இடத்தின் வடிவிலேயே ஒரு மங்கல் எஞ்சியிருந்தால், அது இதுவே.

இதைப் போக்க ஒரே வழி மெருகேற்றல். கண்ணாடிப் பட்டறைகளில் பயன்படும் சீரியம் ஆக்சைடு என்னும் நுண்தூளை நீரில் குழைத்து, கம்பளிப் பட்டையால் தேய்க்கும்போது, அது கண்ணாடியின் மேற்படலத்தை மிக நுண்ணிய அளவில் அகற்றிப் புதிய பரப்பை வெளிக்கொணர்கிறது.

1. உள்ளங்கை அளவுக்கு மேற்படாத ஒரு மூலையில் முதலில் சோதிக்க வேண்டும்.
2. தூள் பறக்கும்போது சுவாசிக்காதிருக்க முகக்கவசம் அணிந்து, பால் பதத்தில் குழைக்க வேண்டும்.
3. கையாலோ, மெதுவான வேகத்தில் சுழலும் டிரில்லில் பொருத்திய கம்பளி வட்டாலோ தேய்த்து, பரப்பு உலராமல் நீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிரில்லின் அருகே நீர் கையாளப்படுவதால், மின்கலத்தால் இயங்கும் டிரில்லே ஏற்றது.
4. கண்ணாடி கைக்குச் சுடத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஒரே இடத்தில் நெடுநேரம் தேய்த்தால் பள்ளம் விழுந்து, அதன் வழியே பார்க்கும் உருவம் நெளியும்.

இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சில புள்ளிகளுக்குச் செய்யலாம்; கதவு முழுவதும் அரித்திருந்தால் நாட்கணக்கில் தேய்க்க வேண்டியிருக்கும் என்பதால், மெருகேற்றும் தொழிலாளியின் கூலியையும் புதிய பலகையின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்வதே சரி. சிலிக்காப் படிவுக்கும் இதே முறைதான். அதற்கென வீட்டில் கையாளத்தக்க அமிலம் எதுவும் இல்லை.

கதவோர ரப்பரும் சிலிக்கான் பூச்சும்

கதவின் ஓரத்தில் நீர் கசியாதிருக்கப் பொருத்தும் ஒளிபுகும் பட்டையிலும், மூலைகளில் பூசிய சிலிக்கானிலும் தோன்றும் கறும்புள்ளிகள் உப்பு அல்ல, பூஞ்சை. இதற்கு அமிலம் உதவாது. நீர்த்த பிளீச் உதவும். ஆனால் அமில வேலை நடந்த நாளில் பிளீச்சைத் தொடுதல் கூடாது. ஓரிரு நாள் இடைவெளி விட்டு, நன்கு அலசிய பின்னரே, பிளீச்சில் நனைத்த டிஷ்யூ திரியைப் புள்ளிகளின்மேல் அரைமணி நேரம் படுக்கவைத்துக் கழுவ வேண்டும். பூஞ்சை சிலிக்கானின் உள்ளே இறங்கிவிட்டிருந்தால் எதுவும் அதை வெளுக்காது. பழைய பூச்சை அறுத்தெடுத்துப் புதிதாகப் பூசுவதே வழி.

மஞ்சளாகித் தடித்துப்போன ரப்பர் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவது எளிது. அது பெரும்பாலும் கண்ணாடி விளிம்பில் அழுத்திப் பொருத்தப்பட்டதே, இழுத்தால் வந்துவிடும். புதியது வாங்கச் செல்லும்போது கண்ணாடியின் தடிமனை அளந்து செல்லாவிட்டால், 8 மில்லிமீட்டருக்கான பட்டை 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் ஏறாமலும், 10-க்கானது 8-இல் நிற்காமலும் மறுபடி கடைக்கு நடக்க நேரும்.

கறை திரும்பாதிருக்க

கண்ணாடியில் உலர்வதற்கு நீர் இல்லாவிட்டால் கறையும் இல்லை. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் மேலிருந்து கீழாக நான்கைந்து இழுப்புகள் இழுத்துவிடுவது, மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விடப் பயன் தருவது. வைப்பரை வேறெங்கோ வைக்காமல், கண்ணாடியின் உட்புறத்திலேயே ஒட்டுக்கொக்கியில் தொங்கவிட்டால் இது பழக்கமாகும். சோப்புக் கட்டிக்குப் பதிலாகச் செயற்கை நுரைப்பொருள்களாலான திரவத்தைப் பயன்படுத்தினால் பிசுக்கு வெகுவாகக் குறையும். எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும், குளித்து முடித்ததும் பாத்திரம் துலக்கும் திரவத்தின் சில துளிகளைப் பஞ்சில் விட்டு ஒரு முறை துடைத்துவிட வேண்டும்.

கார் கண்ணாடிக்கு விற்கும் மழைநீர் ஒட்டாத பூச்சைக் குளியலறைக் கதவிலும் பூசலாம். நீர் முத்துமுத்தாகத் திரண்டு உருண்டுவிடும். ஆனால் அதை முற்றிலும் தூய்மையான, உலர்ந்த கண்ணாடியில் மட்டுமே பூச வேண்டும், இல்லையேல் பழைய கறை பூச்சின் கீழே சிக்கிக்கொள்ளும். அது தேய்ந்து நீர் மீண்டும் பரவத் தொடங்கும்போது திரும்பப் பூசவும் வேண்டும்.

வீட்டு நீர் முழுவதையும் மென்மையாக்கும் சாதனம், நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் பிசின் மணிகளால் இயங்குகிறது. அந்த மணிகளை அவ்வப்போது உப்புக் கரைசலால் புதுப்பிக்க வேண்டும். கண்ணாடிக் கதவு ஒன்றுக்காக மட்டும் இதை வாங்குவது மிகை. ஹீட்டர் சுருள் அடிக்கடி பழுதாவது, துணி விறைப்பது, குழாய்முனை அடைபடுவது ஆகியவையும் சேர்ந்திருக்கும் வீட்டில், நீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் கடினத்தன்மையை அளந்தபின், அடுக்ககம் முழுவதற்கும் பொதுவாக ஒன்றை நிறுவுவது பற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் பேசலாம்.